பிரீமியம் கப்பல் பயணம்: கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கும், எப்படி புக் செய்வது?

கேள்வி இதுதான்: பெற்றோரின் திருமண நாளை ஒட்டி நான்கு பேர் பத்து நாள் கப்பல் பயணம் போக வேண்டும். பெற்றோர் இருவரும் 65 வயதைத் தாண்டியவர்கள். எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் 'பிரீமியம்', 'லக்சுரி' என்றே இருக்கிறது. சாதாரணக் கப்பலைவிட இரண்டு மூன்று மடங்கு கேட்கிறார்கள். அந்தப் பணத்துக்கு உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா? எப்போது, யார் மூலம், எந்த அறையை எடுப்பது?

வித்தியாசம் இருக்கிறது. ஆனால் விளம்பரப் படங்களில் தெரிவது அந்த வித்தியாசம் இல்லை. சரவிளக்கும் பளிங்குத் தரையும் இப்போது எல்லாக் கப்பலிலும் உண்டு. கூடுதல் பணம் போட்டு நீங்கள் வாங்குவது காத்திருக்காமல் இருக்கும் வசதியை. ஏறும்போது வரிசை, லிஃப்டுக்கு வரிசை, காலை உணவுக்கு மேசை தேடல், கரைக்குப் போகும் படகுக்கு டோக்கன், கடைசி இரவில் பில் தகராறுக்கு வரவேற்பு மேசையில் வரிசை. இந்த வரிசைகள் எவ்வளவு சுருங்குகின்றன என்பதை வைத்துத்தான் ஒரு கப்பலை நான் எடைபோடுவேன். கப்பலின் வரவேற்பு மேசையில் சில காலம் வேலை பார்த்து, பிறகு கரைக்கு வந்து புக்கிங் பக்கம் போனவன் நான். அதனால் மேசைக்கு இரண்டு பக்கமும் பழக்கம்.

'பிரீமியம்' என்று போட்டுக்கொள்ள யாரும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. தொழிலில் இருப்பவர்கள் மோட்டாவாகப் பிரிப்பது இப்படி. ராயல் கரீபியன், கார்னிவல், எம்எஸ்சி, நார்வீஜியன் ஆகியவை வெகுஜனக் கப்பல்கள். செலிபிரிட்டி, பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா ஆகியவை பிரீமியம். அதற்கு ஒரு படி மேலே வைக்கிங், ஓஷியானியா, அசமாரா. உச்சியில் ரீஜன்ட், சில்வர்சீ, சீபோர்ன், எக்ஸ்ப்ளோரா போன்றவை. வேடிக்கை என்னவென்றால், இவற்றில் பலவும் ஒரே முதலாளியின் வெவ்வேறு கடைகள். கார்னிவலும் பிரின்சஸும் ஹாலந்து அமெரிக்காவும் குனார்டும் சீபோர்னும் ஒரே குழுமம். ராயல் கரீபியன், செலிபிரிட்டி, சில்வர்சீ மூன்றும் இன்னொரு குழுமம். நார்வீஜியனின் குடைக்குள்தான் ஓஷியானியாவும் ரீஜன்டும். எம்எஸ்சி குழுமத்தின் சொகுசுப் பிரிவுதான் எக்ஸ்ப்ளோரா. ஆக, 'இந்த நிறுவனம் நல்லதா' என்று கேட்பதைவிட 'இந்தக் கப்பலில், இந்த வகை அறையில் எனக்கு என்ன கிடைக்கும்' என்று கேட்பது பயன் தரும்.

எண்களை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு கப்பலின் 'கிராஸ் டன்னேஜ்' என்பது எடையைக் குறிப்பதில்லை, உள்ளே இருக்கும் மொத்தக் கொள்ளளவைக் குறிப்பது. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், தலைக்கு எவ்வளவு இடம் என்பது தெரியும். 2024-இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலின் டன்னேஜ் 2,48,663. அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகள். வகுத்தால் 44 சொச்சம். செலிபிரிட்டி எட்ஜ் சுமார் 1,30,000 டன்னேஜ், 2,900 சொச்சம் பயணிகள். அதுவும் ஏறத்தாழ 44, 45-தான். வைக்கிங்கின் கடல் கப்பல்கள் சுமார் 47,800-க்கு 930 பேர், அதாவது 51. ரீஜன்டின் செவன் சீஸ் எக்ஸ்ப்ளோரர் சுமார் 55,000-க்கு 750 பேர், அதாவது 73-க்கு மேல்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் இரண்டு கப்பல்களிலும் தலைக்குக் கிடைக்கும் இடம் ஒன்றுதான். ஆனால் அனுபவம் ஒன்றில்லை. கப்பல் எவ்வளவு பெரிதானாலும் அது போய் நிற்கும் துறைமுகம் அதே துறைமுகம்தானே. 5,600 பேர் இறங்குவதும் 2,900 பேர் இறங்குவதும் அதே ஊரின் அதே இரண்டு தெருக்களில்தான். அதனால் தலைக்கு இடம் எவ்வளவு என்பதோடு மொத்தத் தலை எவ்வளவு என்பதையும் சேர்த்தே பாருங்கள். பள்ளி விடுமுறையில் அறைகளில் மூன்றாவது, நான்காவது கட்டில்களும் நிரம்பும். அப்போது ஐகான் 7,600 பேர் வரை ஏற்றும். சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலும் இந்தக் கூடுதல் கட்டில் தொல்லை இல்லை. வைக்கிங்கின் கடல் கப்பல்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமே கிடையாது. சூதாட்ட அறையும் கிடையாது.

ஊழியர் விகிதத்தையும் விளம்பரத்தில் அடித்துச் சொல்வார்கள். இரண்டு பயணிக்கு ஓர் ஊழியர், ஒன்றரைப் பயணிக்கு ஓர் ஊழியர் என்று. இதை அப்படியே விழுங்கிவிடாதீர்கள். பெரிய கப்பலில் அந்தக் கணக்கில் பனிச்சறுக்கு நடனக்காரர், சூதாட்ட மேசைக்காரர், கடை விற்பனையாளர் எல்லாரும் வந்துவிடுவார்கள். உங்கள் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டூவர்ட் தலையில் எத்தனை அறைகள் என்பதுதான் உங்களைத் தொடும் எண். அதை எந்தக் கையேட்டிலும் அச்சிட மாட்டார்கள். ஏஜென்ட் விவரம் தெரிந்தவர் என்றால் கேட்டுச் சொல்வார்.

சேவை என்பது கிட்டத்தில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நல்ல கப்பலில் முதல் நாள் மாலை உங்கள் அப்பா, "காபியில் சர்க்கரை வேண்டாம், பால் மட்டும் சூடாக" என்று ஒரு முறை சொல்கிறார். பரிமாறுபவர் அதைக் குறித்துக்கொள்கிறார். அது கப்பலின் பதிவேட்டில் ஏறுகிறது. மூன்றாம் நாள் அவர் வேறு தளத்தில் வேறு உணவகத்தில் உட்கார்ந்தாலும் காபி அப்படியே வரும். நடைபாதையில் ஸ்டூவர்ட் பெயர் சொல்லி வணக்கம் வைப்பதும் மாயம் ஒன்றுமில்லை. பயணிகளின் படங்களோடு பட்டியல் அவரிடம் இருக்கிறது. அதைப் படிக்க அவருக்கு நேரமும் இருக்கிறது. அந்த நேரம்தான் உங்கள் கட்டணத்தில் ஒரு பகுதி. வெகுஜனக் கப்பலின் ஸ்டூவர்ட்டும் அதே அளவு பண்பானவர்தான், பல சமயம் அதே பயிற்சி பெற்றவர்தான். அவருக்கு அறைகள் அதிகம், அவ்வளவே.

பட்லர் சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். சில்வர்சீயில் எல்லா அறைக்கும் பட்லர் உண்டு. மற்ற பல கப்பல்களில் பெரிய சூட்களுக்கு, அதாவது பல அறை அளவுக்கு விசாலமான விலை உயர்ந்த அறைகளுக்கு, மட்டும். பெட்டியைப் பிரித்து அடுக்குவார், ஷூ பாலிஷ் போடுவார், அறையிலேயே வரிசையாக இரவு உணவு பரிமாறுவார். முதல் நாள் கூச்சப்பட்டுக்கொண்டு எதுவும் கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம். உண்மையில் பட்லரின் பெரிய பயன் வேறு: நிரம்பிவிட்ட உணவக மேசையையும் மசாஜ் நேரத்தையும் உங்களுக்காகத் துரத்திப் பிடிப்பவர் அவர்தான். அதைக் கேளுங்கள்.

ஊழியர்களின் வாழ்க்கையையும் ஒரு வரி தெரிந்துகொள்வது நல்லது. பலருக்கும் ஒப்பந்தம் ஆறு முதல் ஒன்பது மாதம். 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி 24 மணி நேரத்தில் 14 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்துக்கு 72-க்கு மேல் கூடாது. அந்த உச்சவரம்பே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது பாருங்கள். வெகுஜனக் கப்பல்களிலும் பல பிரீமியம் கப்பல்களிலும் தினசரி டிப்ஸ் தானாகவே உங்கள் பில்லில் ஏறும். அதை எடுத்துவிடச் சொல்லிக் கடைசி நாளில் வரவேற்பு மேசைக்கு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறுவனத்துக்கு அதில் ஒரு பைசா நட்டமில்லை. அடிபடுபவர் ஸ்டூவர்ட்டும் பரிமாறுபவரும். டிப்ஸ் பிடிக்கவில்லை என்றால் அது கட்டணத்திலேயே அடங்கிய கப்பலைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் நேர்மை.

இப்போது பணக்கணக்கு. விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் 'தொடங்கும் விலை' என்பது ஜன்னல் இல்லாத உள் அறைக்கு, அறைக்கு இருவர் என்ற கணக்கில், ஒருவருக்கான விலை. தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இரண்டாவது ஆளின் கட்டணத்தையும் ஏறக்குறைய முழுதாகவே கட்ட வேண்டிவரும். அதற்கு மேல் துறைமுக வரி, டிப்ஸ், இணையம், மது, பானங்கள், சிறப்பு உணவகம், கரைச் சுற்றுலா, துணி வெளுப்பு. பானங்களிலும் மசாஜிலும் 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் ஏறுவது சகஜம். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் மறைமுகக் கட்டணங்களுக்கு எதிரான சட்டம் வந்த பிறகு, பெரிய நிறுவனங்கள் அமெரிக்க விளம்பரங்களில் வரியையும் கட்டணங்களையும் சேர்த்தே காட்டத் தொடங்கின. மற்ற நாடுகளில் புக் செய்பவர்கள் தாங்களே கூட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

ஒப்பிடும் முறை எளிது. ஒரு தாளை எடுத்து, கப்பலில் ஏறுவது முதல் இறங்குவது வரை நால்வரும் நிஜமாகவே செலவழிக்கப்போவதை எழுதுங்கள். ரீஜன்டில் மது, டிப்ஸ், இணையம் எல்லாம் அடக்கம். கரைச் சுற்றுலாக்களில் பெரும்பகுதியும் அடக்கம். வைக்கிங்கில் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சுற்றுலா, இணையம், மதிய இரவு உணவோடு பீரும் ஒயினும் அடக்கம். குடிப்பழக்கம் இல்லாத, தாங்களாகவே ஊர் சுற்றும் குடும்பத்துக்கு 'எல்லாம் அடக்கம்' என்பது வீண் செலவாகவும் போகலாம். மது அருந்தாத பெற்றோருக்காக மதுவும் சேர்ந்த கட்டணத்தைக் கட்டுவதில் பெருமை ஒன்றும் இல்லை. அவர்களுக்கு நல்ல பிரீமியம் கப்பலில் நடுத்தர சூட் ஒன்றே அதிக சுகம் தரும்.

கப்பலுக்குள் கப்பல் என்று ஒரு வழியும் இருக்கிறது. எம்எஸ்சியின் யாட் கிளப், நார்வீஜியனின் ஹேவன், செலிபிரிட்டியின் ரிட்ரீட் எல்லாம் இந்த வகை. பெரிய கப்பலின் ஒரு மூலையில் சூட் பயணிகளுக்கு மட்டும் தனி உணவகம், தனி ஓய்வுக்கூடம், தனி வெயில் தளம். ஏறும்போது தனி வழி, கரைப்படகில் முன்னுரிமை. குனார்டில் இதே பழக்கம் நெடுங்காலமாக உண்டு: எந்த அறை எடுக்கிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் எந்த உணவகம் என்பது. குழந்தைகளுக்குச் சறுக்கு விளையாட்டும் பெரியவர்களுக்கு அமைதியும் ஒரே பயணத்தில் வேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. ஆனால் நாடக அரங்குக்குப் போனால் மற்ற நாலாயிரம் பேரோடுதான் வெளியே வர வேண்டும். நீங்கள் நால்வருமே பெரியவர்கள் என்றால், நான் இதைவிடச் சின்னக் கப்பலுக்கே ஓட்டுப் போடுவேன்.

காத்திருக்காமல் இருக்கும் வசதிக்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்றேன். அந்த வசதி கப்பலின் ஏணியோடு முடிந்துவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. கிரீஸின் சாண்டோரினித் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. எரிமலைக் குழிக்குள் நிற்கும், படகில்தான் போக வேண்டும். பழைய துறையில் இறங்கினால் மேலே ஃபிரா ஊர். போக மூன்று வழி: கேபிள் கார், கழுதை, அல்லது ஏறத்தாழ 600 படி. உங்கள் கப்பலில் 700 பேர்தான் என்று நிம்மதியாக இறங்கினால், பக்கத்தில் நிற்கும் மூன்று பெரிய கப்பல்களின் கூட்டமும் அதே கேபிள் காருக்கு நிற்கும். திரும்பும்போது மாலையில் அந்த வரிசை ஊருக்குள் வரைக்கும் நீளும், வெயிலில், நிழல் இல்லாமல். 65 வயதுக்காரருக்கு அங்கே கப்பல் நிறுவனத்தின் பிளாட்டின உறுப்பினர் அட்டை எந்த உதவியும் செய்யாது. இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. பல துறைமுகங்களின் கப்பல் வருகை அட்டவணை இணையத்தில் பொதுவாகவே கிடைக்கிறது. உங்கள் தேதியில் வேறு யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். சில ஊர்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. அலாஸ்காவின் ஜூனோவில் 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் கிடையாது.

அதனால்தான், கப்பலைப் பார்ப்பதற்கு முன்னால் பயணத் திட்டத்தைப் பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். அதிலும் ஊர்ப் பெயர்களில் ஏமாறாதீர்கள். திட்டத்தில் 'ரோம்' என்றிருந்தால் கப்பல் நிற்பது சிவிடவெக்கியாவில். அங்கிருந்து ரோமுக்கு ரயில் பிடிக்க வேண்டும். 'பாரிஸ்' என்றால் லெ ஆவ்ர். போக வர நாலைந்து மணி நேரம் சாலையிலேயே போய்விடும். 'பெர்லின்' என்றால் வார்னமுண்டே. ஒரு வழிக்கே சுமார் மூன்று மணி நேரம். 'பாங்காக்' என்றால் பெரிய கப்பல்களுக்கு லேம் சபாங். வெனிஸ் கதை இன்னும் மோசம். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்கள் நகரின் நடுவே சான் மார்கோ நீர்வழியாகப் போகத் தடை. அதன் பிறகு 'வெனிஸ்' என்று விற்கப்படும் பயணங்களில் சில, இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தள்ளியிருக்கும் ராவென்னாவில் தொடங்குகின்றன. பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் உண்மையான துறைமுகம்.

நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். 'காலை 8 - மாலை 6' என்றால் உங்கள் கையில் இருப்பது பத்து மணி நேரம் இல்லை. அனுமதி கிடைத்து இறங்க எட்டரை ஆகலாம். கிளம்புவதற்கு அரை மணி முன்பாவது எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். அசமாரா போன்ற நிறுவனங்கள் துறைமுகத்தில் இரவு தங்குவதைப் பெருமையாகச் சொல்வது இதனால்தான். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் மாலையில் சில மணி நேரம் மட்டும் நின்றுவிட்டுப் போவதைப் பார்த்து, இது என்ன கண்துடைப்பு என்று பலர் கேட்பார்கள். 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல்களை அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் பயணிகளை ஏற்றி இறக்க விடுவதில்லை. இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகம் வேண்டும். விக்டோரியா அதற்காகத்தான்.

சின்னக் கப்பலுக்கு மட்டுமே திறக்கும் கதவுகளும் உண்டு. அன்டார்க்டிகாவில் ஒரே நேரத்தில் ஓர் இடத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றி வரும் கப்பல் ஆட்களை இறக்கவே கூடாது. பெரிய கப்பலில் அங்கே போவது பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு வருவதற்கு மட்டும்.

அறைத் தேர்வில் நான் கறார். கப்பல் வரைபடத்தில் உங்கள் அறையைப் பார்க்காதீர்கள்; அதற்கு மேலே என்ன, கீழே என்ன என்று பாருங்கள். மேலே நீச்சல் குளத் தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம். கீழே நாடக அரங்கு என்றால் நள்ளிரவு வரை தாளம். முன்முனையில் கீழ்த் தளம் என்றால் நங்கூரச் சங்கிலியும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் இயந்திரங்களும் அலாரம் அடித்தாற்போல எழுப்பும். வரைபடத்தில் பெயரே எழுதாமல் வெள்ளையாக விட்ட இடம் பெரும்பாலும் ஊழியர்களின் பண்டக அறை, வண்டிகள் உருளும். மேலும் கீழும் பயணிகள் அறைகளே இருந்தால் அது பாதுகாப்பான தேர்வு. குமட்டல் வரும் என்ற பயம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதி, கீழ்த் தளம். கப்பலின் துடுப்பு நிலைப்படுத்திகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும். முன்னும் பின்னும் தூக்கிப் போடும் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. உச்சித் தளத்தில் முன்முனை சூட் பார்க்க ஆடம்பரமாக இருக்கும். ஆட்டமும் அங்கேதான் அதிகம். அதிக விலை கொடுத்து வாந்தி எடுப்பானேன்.

பால்கனி எல்லாருக்கும் தேவையில்லை. அலாஸ்காவிலும், மலைகளுக்கு நடுவே கடல் நுழையும் நார்வே ஃபியோர்டுகளிலும் பணத்துக்கு ஈடாகும். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்கும்போது கதவைத் திறக்கவே தோன்றாது. 'காட்சி தடைபட்டது' என்ற அறையில் உயிர்காப்புப் படகு ஜன்னலை எவ்வளவு மறைக்கிறது என்று படம் கேட்டு வாங்குங்கள். சிலவற்றில் கால்வாசிதான் மறையும், விலையோ நன்றாகவே குறைவு. 'கியாரண்டி' அறை என்றால் வகை மட்டும் உறுதி, இடத்தை நிறுவனம் பிறகு ஒதுக்கும். பெற்றோருக்கு அதை எடுக்காதீர்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் அதற்கான அறைகள் கப்பலுக்கு ஒரு சிலவே, முதலில் போய்விடும். படகில் இறங்கும் துறைமுகங்களில் சக்கர நாற்காலியோடு இறங்க விடாத நாட்களும் உண்டு. ஆகவே கப்பல் நேராகக் கரையை ஒட்டி நிற்கும் ஊர்கள் அதிகமுள்ள திட்டமாக எடுங்கள்.

எப்போது புக் செய்வது? சொகுசுக் கப்பல்களின் திட்டங்கள் ஒன்றரை, இரண்டு வருடம் முன்பே வெளிவந்துவிடும். ஒரு கப்பலில் முதலில் தீர்வது மிக மலிவான அறையும் மிகப் பெரிய சூட்டும். நடுவில் இருப்பவைதான் கடைசிவரை கிடக்கும். நால்வருக்கு அருகருகே இரண்டு அறை வேண்டும் என்பதால் ஒரு வருடம் முன்பே எடுத்துவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை எல்லா நிறுவனங்களும் சலுகைகளை அள்ளி வீசும் காலம். டெபாசிட் கட்டிய பிறகு விலை இறங்கினால், முழுப்பணம் கட்டும் கெடுவுக்கு முன் கேட்டால் பல நிறுவனங்கள் குறைத்துக் கொடுக்கும். கெடு வழக்கமாகப் பயணத்துக்கு 90 முதல் 120 நாள் முன்பு. யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், கேட்க வேண்டும். டெபாசிட் திரும்பக் கிடைக்கும் வகையா இல்லையா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். கொஞ்சம் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் திரும்பாத வகை.

ஏஜென்ட்டா, நேரடியா? ஏஜென்ட்டுக்கு கமிஷன் நிறுவனம் கொடுக்கிறது. விலை பொதுவாக ஒன்றேதான். நல்ல ஏஜென்ட் தன் கமிஷனிலிருந்து கப்பலில் செலவழிக்கத் தொகை ஏதாவது போட்டுத் தருவார். மொத்தமாக எடுத்துவைத்த அறைகளிலிருந்து நல்ல இடம் தருவார். பாதகம் ஒன்று: அவர் மூலம் எடுத்தால் பிறகு எந்த மாற்றத்துக்கும் நிறுவனம் உங்களோடு பேசாது, அவரைத்தான் பிடிக்க வேண்டும். போனை எடுக்காத ஏஜென்ட்டிடம் சிக்கியவர்களின் பாடு எனக்குத் தெரியும். புக் செய்யும் முன் ஒரு மாலை நேரத்தில் சும்மா ஒரு சந்தேகம் கேட்டு அனுப்பிப் பாருங்கள். பதில் வரும் வேகத்திலேயே ஆள் தெரிந்துவிடும்.

பணத்தின் பாதுகாப்பை லேசாக விடாதீர்கள். கிரிஸ்டல் ஆடம்பரக் கப்பல்களில் பெரும் பெயர். அதன் தாய் நிறுவனமான கென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் சரிந்தது. அந்த மாதம் 22-ஆம் தேதி மயாமிக்கு வர வேண்டிய கிரிஸ்டல் சிம்பொனியை, எரிபொருள் பாக்கிக்காகக் கைப்பற்றச் சொல்லி அங்கே நீதிமன்ற ஆணை காத்திருந்தது. கப்பல் பஹாமாஸின் பிமினிக்குத் திரும்பிவிட்டது. சொகுசுப் பயணிகள் ஃபெர்ரியில் ஏறி ஃப்ளோரிடா கரை சேர்ந்தார்கள். வேறு முதலாளியின் கீழ் 2023-இல் அதே பெயர் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது, நல்ல பெயரும் எடுத்திருக்கிறது. ஆனாலும் கிரெடிட் கார்டில் கட்டுவதும், நிறுவனம் திவாலானாலும் ஈடு தரும் காப்பீடு எடுப்பதும் இந்த மாதிரி நாட்களுக்காகத்தான்.

காப்பீட்டில் முக்கியம் மருத்துவம். கப்பல் மருத்துவமனை தனியார் கட்டணத்தில் ஓடுவது. அந்தச் செலவு உங்கள் பில்லில் ஏறும். நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிப்போக நேர்ந்தால் வரும் பில்லைப் பெரும்பாலான குடும்பங்கள் தாங்காது. பெற்றோருக்கு ஏற்கெனவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், டெபாசிட் கட்டிய சில நாட்களுக்குள் காப்பீடு எடுத்தால்தான் அதற்கும் சேர்த்துப் பொருந்தும் என்று பல பாலிசிகள் சொல்கின்றன. தள்ளிப்போடாதீர்கள். ஒப்பந்தப் பத்திரத்தையும் ஒரு முறை படியுங்கள்: காற்றோ அலையோ காரணம் என்று கேப்டன் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டால் உங்களுக்குத் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் அந்தத் துறைமுக வரி மட்டும்தான்.

விசா வேண்டிய பாஸ்போர்ட் என்றால், ஷெங்கன் பகுதியிலிருந்து (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) கிளம்பி துருக்கியோ மான்டெனெக்ரோவோ போய்த் திரும்பும் கப்பலுக்கு ஒருமுறை நுழைவு விசா போதாது, பலமுறை நுழைவு வேண்டும். இதைக் கவனிக்காமல் ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பப்படுபவர்கள் உண்டு.

சுத்தத்தைப் பற்றிக் கவலை என்றால், அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் முன்னறிவிப்பின்றிச் சோதித்து 100-க்கு மதிப்பெண் போடுகிறது. 86-க்குக் குறைந்தால் தோல்வி. மதிப்பெண்கள் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன. விலை உயர்ந்த கப்பல் என்பதால் மதிப்பெண்ணும் உயர்ந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸுக்கு கை சானிடைசர் போதாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுவதுதான் பலன் தரும்.

உங்கள் நால்வருக்கு என் பரிந்துரை: ஆயிரம் பேருக்கு உட்பட்ட கப்பல், அல்லது 3,000 பேருக்குள் இருக்கும் பிரீமியம் கப்பலில் நடுப்பகுதி சூட். படகில் இறங்கும் துறைமுகம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். கடலிலேயே கழியும் நாள் இரண்டாவது இருக்கட்டும். ஓய்வுக்கென்றே பணம் கொடுத்துவிட்டுத் தினமும் ஆறு மணிக்கு அலாரம் வைப்பதில் அர்த்தமில்லை. கப்பல் கிளம்புவதற்கு முந்தைய நாளே அந்த ஊருக்குப் போய்விடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. மருந்தும் பாஸ்போர்ட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டி அறைக்கு வர மாலை ஆகிவிடும். போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுக் கப்பலின் வைஃபை மட்டும் பயன்படுத்துங்கள், கடல் ரோமிங் கட்டணம் கண்ணைக் கட்டும். தனியாக ஊர் சுற்றப் போனால், நேரம் தவறினால் கப்பல் உங்களுக்காக நிற்காது. கப்பலே நடத்தும் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் நிற்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். பெற்றோர் தூர ஊருக்குப் போகும் நாளில் மட்டும் அந்தக் கூடுதல் காசைக் கொடுங்கள். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஊர் என்றால் தேவையில்லை. இறங்கும் நாளில் திரும்பும் விமானத்தை மதியம் ஒரு மணிக்குப் பிறகே போடுங்கள். பெட்டிகள் தளவாரியாக, நேரவாரியாகத்தான் வெளியே வரும். சூட் பயணிகளை முதலில் விட்டாலும் குடியேற்ற அதிகாரியின் மேசையில் முன்னுரிமை எதுவும் கிடையாது.